புதுப்பித்த 1969 கமாரோ இசட்-28 வாங்கும் முன்: அடையாள எண் தகடு முதல் எஞ்சின் முத்திரை வரை முழுமையான வழிகாட்டி

‘1969 ஷெவர்லே கமாரோ இசட்-28. அசல் எஞ்சின். அடிமுதல் நுனிவரை புதுப்பித்தது. ஹக்கர் ஆரஞ்சு நிறம். துரு கிடையாது.’ அமெரிக்காவின் பழைய கார்ச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் இது. இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் விலையை ஏற்றுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சாட்சி சொல்லும் இடம் ஒன்று காரிலேயே இருக்கிறது. அந்த இடங்கள் எவை, அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1969 மாடல் கமாரோ மொத்தம் 2,43,085 தயாரானது. அவற்றில் இசட்-28 வெறும் 20,302. மற்றவை வேறு ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் கார்கள். பட்டைக் கோடுகள், சின்னங்கள், பின்புற ஸ்பாய்லர், சக்கரங்கள் என இசட்-28இன் வெளித்தோற்றத்துக்கு வேண்டிய எல்லாமே இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. சாதாரணக் கமாரோ ஒன்றை இசட்-28 போல ஆக்குவது கைதேர்ந்த பட்டறைக்குச் சிரமமான வேலை இல்லை. அப்படி ஆக்கிய காரை அப்படியே சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம், ஓட்டி மகிழ நல்ல கார். அசல் என்று சொல்லி விற்றால் மோசடி. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

முதலில், இசட்-28 என்பது என்ன

ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா நடத்திய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதற்குள் நிற்க, 4 அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்) கொண்ட பிளாக்கில் (எஞ்சினின் வார்ப்பு உடல்) 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) தரும் கிராங்க் ஷாஃப்ட்டை ஷெவர்லே பொருத்தியது. அப்படிப் பிறந்ததுதான் 302 கன அங்குல எஞ்சின். நிறுவனம் அறிவித்த சக்தி 290 குதிரைத்திறன். பந்தயத்தில் ரோஜர் பென்ஸ்கே அணிக்காக மார்க் டோனஹியூ கமாரோ ஓட்டி 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஷெவர்லேக்குச் சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்தார். பொதுமக்களுக்கு விற்ற இசட்-28, பந்தயத்துக்குத் தகுதி பெறுவதற்காக உருவான கார்.

இந்தப் பின்னணி தெரிந்தாலே சில போலிகள் உடனே வெளிப்பட்டுவிடும். 1969 இசட்-28இல் நான்கு வேக மேனுவல் கியர் கட்டாயம். முன்சக்கரங்களில் பவர் டிஸ்க் பிரேக் கட்டாயம். பின் ஆக்ஸில், பன்னிரண்டு போல்ட் மூடி கொண்ட பெரிய வகை. ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, ஏ.சி. கிடையாது, திறந்த கூரை கிடையாது. ‘தொழிற்சாலையிலிருந்தே ஏ.சி. பொருத்தி வந்த இசட்-28’ என்று யாராவது எழுதியிருந்தால் அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

படி 1: புறப்படும் முன் படங்கள் கேளுங்கள்

பக்கவாட்டில் நின்று மாலை வெயிலில் எடுத்த படங்கள் நமக்கு உதவாது. டேஷ்போர்டின் மேலுள்ள வாகன அடையாள எண் தகடு, எஞ்சின் அறையின் பின்சுவரிலுள்ள உடல் தகடு, எஞ்சின் பிளாக்கின் முத்திரை மேடை (எண்கள் அடித்த தட்டையான இடம்), கியர்பாக்ஸ் முத்திரை, காரின் அடிப்பாகம், டிக்கியின் தரை ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். புதுப்பிக்கும்போது பெயின்ட் உரித்த நிலையில் எடுத்த படங்களையும் மறக்காமல் கேளுங்கள். விளம்பரத்தில் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்திருப்பதில் தவறில்லை. எண்ணைத் திருடிப் பயன்படுத்துவோருக்கு அஞ்சிச் செய்கிறார்கள். தனியாகக் கேட்டும் எஞ்சின் முத்திரையைக் காட்ட மறுக்கிறவரிடம் மட்டும் பயணச் செலவு செய்து போகாதீர்கள்.

படி 2: அடையாள எண்

இன்றைய 17 இலக்க முறை 1981 மாடலில்தான் வந்தது. 1969 கமாரோவுக்கு 13 இலக்கங்கள். ‘124379’ என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 1 ஷெவர்லேயைக் குறிக்கும். அடுத்த 24, எட்டு சிலிண்டர் கமாரோ. அடுத்த 37, மூடிய கூரை கொண்ட கூபே; திறந்த கூரை என்றால் 67. பிறகு வரும் 9, மாடல் ஆண்டு. அதற்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து: ‘என்’ என்றால் ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் ஆலை. மீதி ஆறும் வரிசை எண்.

எண் 123 என்று தொடங்கினால் கார் பிறந்தபோது ஆறு சிலிண்டர். அது ஒருபோதும் இசட்-28 ஆக இருந்திருக்க முடியாது. பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் 124 என்று தொடங்குவதால் இசட்-28 என்று ஆகிவிடாது. எட்டு சிலிண்டர் என்பதைத் தவிர வேறெதையும் அந்த எண் சொல்லாது. விற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வாங்குபவரைக் குழப்புகிறார்கள்: ‘எண்ணைப் பாருங்கள், வி-8 என்றே இருக்கிறது’ என்பார்கள். சாதாரண 307 எஞ்சின் காருக்கும் அதே தொடக்கம்தான்.

தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் பாருங்கள். பூவிதழ் போன்ற தலை கொண்டவையாக இருக்க வேண்டும். சாதாரண ரிவெட்டோ, கீறலோ, ஒட்டிய பசையோ தெரிந்தால் எச்சரிக்கை தேவை. இந்த எண்ணின் ஒரு பகுதி உடல் கூட்டில் மறைவான இரண்டு இடங்களிலும் அடித்திருக்கும்: ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒன்று, கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துவாரத் தட்டுக்குக் கீழே மற்றொன்று. துவாரத் தட்டைக் கழற்றிப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான். அசல் என்ற பெயரில் பெரும்பணம் கேட்பவர் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அடையாள எண் தகட்டை மாற்றுவதும் அழிப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். தகடும் மறைவு எண்ணும் பொருந்தாத காரை வாங்கினால் பணத்தோடு காரையும் இழக்க நேரலாம்.

படி 3: உடல் தகடு

எஞ்சின் அறையின் பின்சுவரில் ஓட்டுநர் பக்கம் இருக்கும் சிறிய தகடு இது. உடல் கூடு தயாரான மாதமும் வாரமும் இதில் உண்டு. ‘01பி’ என்ற வகையில் இருந்தால் ஜனவரி இரண்டாம் வாரம். பெயின்ட் எண்ணும் உண்டு: 72 ஹக்கர் ஆரஞ்சு, 76 டேடோனா மஞ்சள், 71 லெமான் நீலம். இன்று ஆரஞ்சாக நிற்கும் காரின் தகட்டில் வேறு எண் இருந்தால், நிறம் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது குற்றமில்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் பிற்பகுதியிலிருந்து தயாரான கார்களின் தகட்டில் இன்னொரு குறியும் உண்டு. எக்ஸ்-33, எக்ஸ்-77 ஆகிய இரண்டும் இசட்-28க்கு உரியவை. எக்ஸ்-22, எக்ஸ்-66 என்றால் 396 எஞ்சின் கொண்ட எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) வகை. எனவே 1969 மார்ச்சில் நார்வுட்டில் தயாரான காரின் தகட்டில் எக்ஸ்-11 என்றிருந்து, பக்கவாட்டில் இசட்-28 சின்னம் மின்னினால், சின்னம் பிறகு வந்தது என்று முடிவு செய்யலாம். வேன் நைஸ் ஆலைக் கார்களுக்கு இந்தக் குறி கிடையாது. அங்கே எஞ்சினும் ஆவணங்களும்தான் சாட்சி. உடல் தகட்டையும் நகலாகச் செய்து தருகிறார்கள் என்பதால், தகட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

படி 4: எஞ்சின் முத்திரை

அதிகப் பணம் கைமாறுவதும் அதிக ஏமாற்று நடப்பதும் இந்தச் சிறிய இடத்தில்தான். அவசரப்படாமல் பாருங்கள். ஒரு டார்ச் விளக்கு, மெல்லிய துணி, சிறிது கரைப்பான் கொண்டு செல்லுங்கள்.

பயணி பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் தட்டையான சிறு மேடை தெரியும். ஆல்டர்னேட்டருக்கும் குழாய்களுக்கும் இடையே கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். அதில் எஞ்சின் ஆலையின் முத்திரை இருக்கும்: முதல் எழுத்து ‘வி’ என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட் ஆலை, அடுத்த நான்கு இலக்கங்கள் மாதமும் நாளும், கடைசி இரண்டு எழுத்துகள் எஞ்சின் வகை. 1969 இசட்-28இன் 302க்கு அந்த எழுத்துகள் ‘டி.இசட்.’ இது ஒரு முத்திரை. மற்றொன்று காரின் அடையாள எண்ணின் பின்பகுதி. கார் ஆலையில் அடித்தது. சில கார்களில் இந்த இரண்டாவது முத்திரை ஆயில் ஃபில்டருக்கு அருகில் இருக்கும். டேஷ்போர்டிலுள்ள எண்ணின் பின்பகுதியோடு அது ஒத்துப்போனால்தான் ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

போலி முத்திரையை எப்படிக் கண்டறிவது? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

மேடையின் பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும்போது முன்பின்னாக ஓடும் நேர்க்கோடுகள் விழும். பட்டறையில் பிளாக்கை மீண்டும் சீவினால் அந்தக் கோடுகளும் முத்திரையும் போய்விடும்; வழவழப்பான பரப்போ வளைகோடுகளோ மிஞ்சும். வழவழப்பான பரப்பில் தெளிவான முத்திரை இருந்தால் அது பிறகு அடித்தது. அடுத்து, எழுத்துகளின் தோற்றம். இரண்டு முத்திரைகளும் இரண்டு ஊர்களில், இரண்டு கருவிகளில், வெவ்வேறு நாள்களில் அடித்தவை. ஆழமும் எழுத்து வடிவமும் சாய்வும் ஓரளவு மாறித்தான் இருக்கும். இரண்டும் ஒரே கையில் அடித்தது போல இருந்தால் சந்தேகம் கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை தேதிகள். பிளாக்கை வார்த்த தேதி பின்பகுதியில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும்: ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர், அதன்பின் நாள், கடைசியாக ஆண்டின் கடைசி இலக்கம். வரிசை இயல்பாக இருக்க வேண்டும்: முதலில் வார்ப்பு, சில நாள்களோ வாரங்களோ கழித்து எஞ்சின் பூட்டிய தேதி, அதற்குப் பின் கார். உடல் தகடு பிப்ரவரி என்று சொல்ல, எஞ்சின் முத்திரை ஏப்ரல் என்று சொன்னால், அந்த எஞ்சின் இந்தக் காரோடு பிறந்ததில்லை. முத்திரையைத் திருத்துபவர் வார்ப்புத் தேதியை மறந்துவிடுவது உண்டு.

பிளாக்கின் வார்ப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1969இன் 302க்கு 3932386, 3956618, 3970010 ஆகியவை வரும். கடைசி எண் கொண்ட பிளாக் 350 எஞ்சினிலும் ஏராளமாக வந்ததால், எண் பொருந்துவது அவசியமே தவிர முழுச் சான்று இல்லை.

அசல் எஞ்சின் இல்லாத கார் மோசமான கார் இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். இந்தக் கார்கள் பந்தயத்துக்கும் தெருப்போட்டிக்கும் ஓடியவை. எஞ்சின் உடைந்து மாற்றியது இயல்பு. ‘எஞ்சின் அசல் இல்லை, அதே காலத்துப் பிளாக்’ என்று முதலிலேயே சொல்லும் விற்பனையாளரை நான் மதிக்கிறேன். அவர் மற்றதிலும் உண்மை பேச வாய்ப்பு அதிகம்.

கியர்பாக்ஸிலும் அடையாள எண்ணின் இதே பின்பகுதி உண்டு. மன்சி ஆலையின் கியர்பாக்ஸ் முத்திரை ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும். பின் ஆக்ஸில் குழாயிலும் வகைக் குறியும் தேதியும் இருக்கும். இவை எஞ்சினோடு ஒத்துப்போனால் மகிழ்ச்சி. மாறியிருந்தால் விலை பேச ஒரு காரணம்.

படி 5: துருவும் பட்டியும்

எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். உடல் கூடு கெட்டிருந்தால் செலவுக்கு அடி தெரியாது. கமாரோவில் முன்பகுதியைத் தாங்கும் சட்டம் தனி; அதற்குப் பின்னால் உடல் கூடே சட்டமாக நிற்கிறது. அதனால் தரைத் தகடு துருப்பிடிப்பது அழகுக் குறை மட்டுமில்லை, வலுவே குறைகிறது.

வழக்கமாகத் துரு பிடிக்கும் இடங்கள்: பின்சக்கர வளைவும் அதன் கீழ்ப் பகுதியும், டிக்கியின் தரை, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னுள்ள கீழ்மூலை, கதவுக்குக் கீழுள்ள ராக்கர், முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுத் துவார அறை. கடைசியாகச் சொன்னது வெளியிலிருந்து தெரியாது. அனுமதி பெற்றுத் துவாரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சிறிது நேரம் கழித்துக் கால்வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் உள்ளே ஓட்டை. கூரையில் வினைல் உறை இருந்தால் அதன் அடியிலும் துரு ஒளிந்திருக்கும். விளிம்போரம் குமிழிகளை விரலால் தடவித் தேடுங்கள்.

பெயின்ட் தடிமன் காட்டும் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. புதுப்பித்த காரில் தடிமன் ஆலைப் பெயின்டை விடக் கூடுதலாக இருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது சீர்மையை. கதவில் ஓர் அளவும், பின்சக்கர வளைவில் அதைப்போல மூன்று நான்கு மடங்கும் காட்டினால் அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) நிறைய இருக்கிறது. கருவி இல்லையென்றால் துணி சுற்றிய சிறு காந்தம் போதும்; பட்டி தடிமனான இடத்தில் அது ஒட்டாது.

லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். ஆலையின் புள்ளி வெல்டிங் சிறு சிறு வட்டக் குழிகளாக, ஓரளவு ஒழுங்கற்று இருக்கும். அரைத்து வழித்த வெல்டிங் தெரிந்தால் தகடு மாற்றியிருக்கிறார்கள். நன்றாக மாற்றியிருந்தால் அது பாராட்டத்தக்க வேலை. மறைத்திருந்தால் கேள்வி கேளுங்கள். அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு தடிமனாக இருந்தால் எனக்கு நம்பிக்கை குறைகிறது. நல்ல வேலை செய்தவர் அதைக் காட்டவே விரும்புவார்.

1969 கமாரோவின் முழு உடல் கூடே உரிமம் பெற்று இன்று புதிதாகத் தயாராகிறது. அதில் பழைய தகட்டை மாட்டி அசல் என்று விற்பது சாத்தியம். படி 2இல் சொன்ன மறைவு எண்கள் இதனால்தான் அவ்வளவு முக்கியம்.

படி 6: ஸ்டார்ட் செய்து ஓட்டுவது

நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வந்ததும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் கார்புரேட்டரோடு சற்று முரண்டு பிடிக்கும், அது குறையில்லை. அசல் 302இல் டப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சீராகத் தட்டும் ஒலி கேட்கும். திட லிஃப்டர் கொண்ட கேம் ஷாஃப்ட்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) குணம் அது. தட்டல் ஒலியே இல்லாமல் அமைதியாக ஓடினால் உள்ளே கேம் மாறியிருக்கலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஆயில் அழுத்தம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குளிரில் காட்டும் அழுத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கம்ப்ரஷன் சோதனையும் சிலிண்டர் கசிவுச் சோதனையும் செய்ய அனுமதி கேளுங்கள்.

இந்த எஞ்சினின் அசல் கம்ப்ரஷன் விகிதம் 11க்கு 1. ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலுக்காக வடிவமைத்தது. இன்றைய பெட்ரோலில் எஞ்சின் ‘நாக்’ அடிக்கும் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும்) வாய்ப்பு உண்டு. அதனால் மூன்று கேள்விகள் அவசியம்: பிஸ்டன் மாற்றி விகிதத்தைக் குறைத்திருக்கிறீர்களா? எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வைத்திருக்கிறீர்களா? எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள்? துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயில் இல்லையென்றால் இந்த வகைக் கேம் விரைவில் தேயும். எஞ்சினை அக்கறையோடு கட்டியவர் மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார்.

சாலையில் இரண்டாம் கியருக்கு இறங்கும்போது உராயும் சத்தம், பிரேக் அழுத்தும்போது ஒரு பக்கம் இழுப்பது, நெரிசலில் நிற்கும்போது வெப்பம் ஏறுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். வாரமும் ஆண்டும் அதில் உண்டு. காட்சிக்கு மட்டுமே நின்ற காரில் பள்ளம் தேயாத, ஆனால் பத்தாண்டு வயதான டயர்கள் இருக்கும். அவற்றோடு நெடுஞ்சாலையில் போகாதீர்கள்.

படி 7: காகிதங்கள்

கமாரோ வாங்குவோருக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. பாண்டியாக் ஜி.டி.ஓ. என்றால் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் பணம் கட்டி ஆலைப் பதிவைப் பெறலாம். ஃபோர்டு மஸ்டாங் என்றால் மார்ட்டி அறிக்கை கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அவ்வளவு விரிவான ஆலைப் பதிவு கிடைப்பதில்லை. முதலில் கனடாவில் விற்ற கார் என்றால் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடா ஆவணம் தருகிறது. ஆகவே காரோடு வந்த காகிதமே பொன்: கண்ணாடியில் ஒட்டிய விலைச் சீட்டு, முகவரின் பில், உற்பத்தி வரிசையில் கூடவே வந்த தாள், உத்தரவாதப் புத்தகத்திலிருந்த உலோகத் தகடு. உற்பத்தித் தாள் சில கார்களில் பெட்ரோல் டாங்க்கின் மேலும் இருக்கை ஸ்பிரிங்குகளுக்கிடையிலும் கிடைத்திருக்கிறது. இவற்றிலும் போலிகள் உண்டு. காகிதத்தில் உள்ள எண்களை இரும்பில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள்.

உரிமைப் பத்திரத்திலுள்ள எண் தகட்டு எண்ணோடு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். விற்பவரின் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்று அந்த மாநிலத்தின் வாகனத் துறையில் கேளுங்கள். 17 இலக்க எண்ணுக்காக அமைந்த இணையத் தேடல்களில் 1969 காரின் வரலாறு கிடைக்காது. இவ்வளவும் உங்களால் செய்ய முடியாவிட்டால், 1967 முதல் 1969 வரையிலான கமாரோக்களை மட்டுமே ஆராயும் நிபுணரை நீங்களே தேடி அமர்த்துங்கள். விற்பவர் சொல்லும் நிபுணர் வேண்டாம்.

படி 8: விலையும் பணமும்

விலையை நான்கு நிலைகளில் யோசியுங்கள். உச்சியில், அசல் எஞ்சினும் ஆவணமும் உள்ள இசட்-28. அடுத்து, அசல் எஞ்சின் இருந்தும் ஆவணம் இல்லாதது. அதன்பின், உடல் இசட்-28 என்று நிரூபணமாகி எஞ்சின் மாறியது. கடைசியில், சாதாரணக் காரை இசட்-28 போல ஆக்கியது. எந்த நிலைக்கான சாட்சி கையில் கிடைத்ததோ அந்த நிலைக்கான விலையை மட்டும் பேசுங்கள். புதுப்பிக்க இவ்வளவு செலவானது என்று ரசீதுகளைக் காட்டுவார்கள். ரசீதுகள் வேலையின் தரத்தைக் காட்டப் பயன்படும்; காரின் மதிப்பு அவற்றின் கூட்டுத்தொகை இல்லை.

விற்பனைப் பத்திரத்தில் ‘அசல் எஞ்சின்’, ‘அசல் இசட்-28’ என்ற சொற்களை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னவர் கையெழுத்திடத் தயங்கினால், பதில் கிடைத்துவிட்டது. பணத்தை வங்கிக் கிளையில் நேரில், பத்திரம் கைமாறும் அதே நேரத்தில் கொடுங்கள். சாவி வாங்கும் முன்பே, ஒப்புக்கொண்ட மதிப்புக்கு ஈடு தரும் பழங்கார்க் காப்பீடு எடுத்துவிடுங்கள். சாதாரணக் காப்பீடு இதைத் தேய்மானம் கழித்த ஐம்பதாண்டுப் பழைய வண்டியாகவே கணக்கிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால், எரிபொருள் ரப்பர் குழாய்களை அதற்கேற்ற புதியவற்றால் மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலை வடித்து ஃபில்டரை அறுத்து, மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர நட்டுகளையும் முன் சட்டத்தின் போல்ட்டுகளையும் அளவுக் குறடால் (டார்க் ரெஞ்ச்) இறுக்கிய பிறகு, நீண்ட பயணத்துக்கு எடுக்கலாம்.